முழங்கையைத் தாங்கிய கை

அந்தத் தொடக்கப்பள்ளியின் கடைசி அறையில் வேலை பார்த்த துணையாசிரியைக்குக் கைராசிக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பென்சிலைக் கண்டாலே தூக்கி எறிகிற பையன் அவள் கைபட்டால் பிடித்துக்கொள்வான். ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் மற்றவர்களை அழவிடும் குழந்தை, அவள் ஊட்டினால் சமர்த்தாக விழுங்கிவிடும். "உங்க கைராசி அக்கா, வேறென்ன!" என்று டீச்சர் சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? காலையிலிருந்து சாயங்காலம்வரை எச்சில் துடைத்து, ஈரத்துணி மாற்றி, இடுப்பொடியக் குனிந்து நிமிர்கிறவளுக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால், வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா?

கடைசி அறை என்பது மற்ற வகுப்புகளில் உட்காரவைக்க முடியாத பிள்ளைகளின் அறை. பேச்சு வராதவர்கள், நடை வராதவர்கள், கண்ணும் காதும் பாதி பாதியாய் வேலை செய்கிறவர்கள், இதெல்லாம் சேர்ந்தே வாய்த்தவர்கள். பிள்ளைகளை நாற்காலியிலிருந்து தூக்கி இறக்க, மேலே தண்டவாளத்தில் ஓடும் தூக்கி, சுவரோரம் மெத்தைகள், மூலையில் கதவில்லாத ஒரு சின்னக் கூடாரம். பிள்ளைகள் ஒரு கை விரல்களில் அடங்கிவிடுவார்கள். ஆனால் அந்த அறையின் சத்தம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காணும்.

அதில் ஒருத்திதான் மகாராணி. எட்டு வயது. இரண்டு பக்கமும் தலைக்கு அண்டைகொடுத்த சக்கர நாற்காலியில் சாய்ந்திருப்பாள். யார் வந்தாலும் அரைக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள். பிடிக்காவிட்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பேட்டி முடிந்தது, நீ போகலாம் என்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பட்டம். வாயில் வார்த்தை கிடையாது. கைகள் இருந்தன, ஆனால் அவை அவள் பேச்சைக் கேட்பதில்லை. கிழக்கே அனுப்பினால் மேற்கே போகும், பாதி வழியில் விறைத்துக்கொள்ளும்.

அந்தக் கையைத்தான் கைராசிக்காரி வழிக்குக் கொண்டுவந்தாள். நாற்காலியின் முன்தட்டில் படப்பலகை ஒன்றை வைப்பாள். தண்ணீர், ஆப்பிள், அம்மா, பூ, போர்வை, வெளியே, வேணும், வேண்டாம், சந்தோஷம், வலி என்று கட்டம் கட்டமாகப் படங்கள். பிறகு மகாராணியின் முழங்கையை அடியிலிருந்து உள்ளங்கையால் லேசாகத் தாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான். விரல் மெதுவாக ஊர்ந்து ஒரு படத்தின் மேல் போய் உட்காரும். முதல் நாள் அது 'தண்ணீர்' மேல் உட்கார்ந்தபோது டீச்சர் கைதட்டினார். அடுத்த வாரம் 'வெளியே'. அதற்கப்புறம் தினமும் ஒரு அதிசயம். மற்ற துணையாசிரியைகள் தாங்கினால் விரல் தட்டில் தொப்பென்று விழும். கைராசிக்காரி தாங்கினால் பேசும்.

மகாராணியின் அம்மா ஒரு பெரிய கடையில் பில் போடுகிறவள். கணவன் என்று ஒருவன் இருந்தான். இந்தக் குழந்தை இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்த வருஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து, கடைச் சட்டையோடு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வந்து நின்றபோது விரல் முதலில் அவள் படத்துக்குப் போனது. அப்புறம் பூப் படத்துக்கு. அதற்கு 'அழகு' என்று பொருள். அம்மா, அழகு. அந்தப் பெண் நாற்காலியின் காலடியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். எட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை. அன்றிலிருந்து மகள் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். ஆப்பிள் கேட்டாளா, ஆப்பிள். நீலப் போர்வை வேண்டாமா, தூக்கிப் போடு. அம்மா கைராசிக்காரியைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான்.

இப்படி ஒரு வருஷம் ஓடியபின் பேச்சு வாத்தியார் வந்து சேர்ந்தார். பேச்சுப் பயிற்சி தர வாரம் ஒருமுறை வருகிற இளைஞர். பேர்தான் பேச்சு வாத்தியாரே தவிர, மனுஷன் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை உதிர்ந்தால் அதிகம். இரண்டு வாரம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம், "அக்கா, ஒரு சின்ன விளையாட்டு விளையாடலாமா?" என்று கேட்டார்.

மகாராணிக்கும் கைராசிக்காரிக்கும் நடுவில் ஒரு அட்டைத் தடுப்பை நிறுத்தினார். தடுப்பின் அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கையை விட்டு முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம், அன்றைக்கென்று அவர் கொண்டுவந்த, வேறு படங்கள் ஒட்டிய பலகையும் தெரியும். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு படம், அந்தப் பக்கம் குழந்தைக்கு ஒரு படம். "என்ன பாத்தேன்னு மகாராணி காட்டட்டும்" என்றார். முதலில் கரண்டி, விரல் கரண்டிக்குப் போனது. செருப்பு, விரல் செருப்புக்குப் போனது. கைராசிக்காரிக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து பந்து, விரல் பந்துக்குப் போனது. வாளி, வாளி. சாவி, சாவி. அவர் எழுந்து தடுப்பை எடுத்தார்.

அந்தப் பக்கம் இருந்த படத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

"கரண்டியும் செருப்பும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். மத்ததெல்லாம் அவளுக்கு வேற படம் அக்கா. பந்து, வாளி, சாவி, இதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் காட்டினேன்."

"அவ விளையாட்டுக்குக் காட்டியிருப்பா. குறும்புக்காரி அவ."

அவர் தடுப்பை மறுபடி நிறுத்தி, இந்த முறை அவள் பக்கம் எதுவுமே வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ இருந்தது. அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தாள். விரல் ஊர்ந்தது, நின்றது, பலகைக்கு மேலே அந்தரத்தில் வழி தெரியாமல் சுற்றியது, கடைசியில் தட்டின் ஓரத்தில் தொப்பென்று விழுந்தது. கைராசிக்காரி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய கைதான். ஆனால் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னைப் பித்தலாட்டக்காரின்னு சொல்றீங்களா தம்பி?"

"பித்தலாட்டம் பண்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியல. நிறைய இடத்துல, நிறைய நல்லவங்களுக்கு இப்படி ஆகியிருக்கு. ஆசைப்படற கை தானா நகரும்." அன்றைக்கு அவர் அதிகம் பேசிவிட்டார். "அவங்க அம்மாவுக்குச் சொல்லணும். டீச்சரும் நானும் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

சொல்லத்தான் நினைத்தாள். அதில் பொய் இல்லை. மத்தியானம் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். இன்னொரு துணையாசிரியை மகாராணிக்குச் சோறு ஊட்டப் போனாள். அவள் நடந்தால் அலமாரியில் கண்ணாடி அதிரும் என்பதால் அவளுக்குத் தடதடா என்று பேர். கையில் எதை எடுத்தாலும் கீழே போடுவாள். கைராசிக்காரிக்கு அவளைக் கண்டால் இளக்காரம்தான். அன்றைக்குத் தடதடா வழக்கம்போலத் தன் மாமியார் கதையை மகாராணியிடம் கொட்டிக்கொண்டே, பாதியைத் துண்டிலும் பாதியை வாயிலுமாக ஊட்டியதைக் கூடக் கைராசிக்காரி கவனிக்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். வழக்கத்தைவிட வேகமாக வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த பட்டை சட்டைக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தது. மகளைத் தினமும் கட்டிலுக்கும் குளியலறைக்கும் தூக்கித் தூக்கி வந்த வலி அது.

"ஒரு விஷயம் சொல்லணும்மா..." என்று கைராசிக்காரி ஆரம்பித்தாள்.

"அக்கா, அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. விடுதிப் பள்ளியில ஒரு இடம் காலியாயிருக்காம். வாரம் பூரா அங்கேயே இருப்பா, லீவுக்கு வீட்டுக்கு வருவா. நாளைக்குக் காலைல போன் பண்ணி வேணுமா வேண்டாமான்னு சொல்லணும். எனக்குப் புரியல அக்கா. அனுப்பினா பெத்த பிள்ளையத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கு. அனுப்பலைன்னா ஒரு நாள் என் இடுப்பு போயி, அவளையும் சேத்துக்கிட்டு விழப்போறேன். அதான் அவளையே கேட்டுடலாம்னு ஓடி வந்தேன். அவ என்ன சொல்றாளோ, அதான் முடிவு."

சொல்லிக்கொண்டே பலகையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள். சொல்லு, இப்பவே சொல்லு என்று கைராசிக்காரிக்குள் ஒரு குரல் கத்தியது. அதற்குள் அம்மா நாற்காலி முன் மண்டியிட்டு, "தங்கம், அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல போய் இருக்கியா? சொல்லும்மா" என்று கேட்டுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை உடைக்க யாருக்கு மனசு வரும்? கைராசிக்காரியின் கை பழக்கத்தில் முழங்கைக்கு அடியில் போய் அமர்ந்தது.

செத்த கைபோல வைத்திருக்கிறேன், ஒன்றும் செய்யமாட்டேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்தாள். விரல் பலகைமேல் நின்றது. அந்த நிமிஷத்தில், மகாராணி இல்லாத அந்த அறை அவள் கண்முன்னால் வந்து போனது. ஜன்னலோரத்து இடம் காலியாக. கைராசி என்று சொல்ல ஆளில்லாமல். உள்ளங்கையில் ஒரு மெல்லிய அசைவு. இந்த முறை அவளுக்கே தெரிந்தது. கையும் களவுமாகத் தன்னைத் தானே பிடித்தாள். பிடித்தும் விடவில்லை. விரல் போய் 'வேண்டாம்' மேல் உட்கார்ந்தது.

அம்மா மகளின் மடியில் முகம் புதைத்தாள். "சரிடி தங்கம். சரி. எங்கயும் போக வேண்டாம்." மகாராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதை அம்மா பார்க்கவில்லை. கைராசிக்காரி பார்த்தாள்.

இத்தனை நாள் செய்தது தெரியாமல் செய்தது. அதற்கு யாரும் மன்னிப்பார்கள். அன்றைக்குச் செய்தது தெரிந்தே செய்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவளுக்குத் தட்டில் போட்ட சோறு இறங்கவில்லை. "யார்கிட்ட சண்டை?" என்று கணவர் கேட்டார். "என்கிட்டதான்" என்றாள். அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மறுபடி கூட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே பள்ளி வாசலின் சாய்தளத்தில் போய் நின்றுகொண்டாள். அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் போன்.

"உள்ள விட்டுட்டு, வேண்டாம்னு சொல்லிடப் போறேன் அக்கா."

"போன் பண்ணாதீங்கம்மா. நேத்து அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

பூசி மெழுகத் தெரியாமல் இல்லை. ஆனால் பூசினால் பாதியில் நின்றுவிடும் என்று பயந்தாள். அதனால் தடுப்பு, பந்து, பூனை, அந்தரத்தில் சுற்றிய விரல் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். "அதெல்லாம் எனக்கே தெரியாம நடந்தது. நேத்து சாயங்காலம் நடந்தது மட்டும் தெரிஞ்சு நடந்தது. அவ போயிடக் கூடாதுன்னு எனக்கு ஆசை. அதான்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அடிப்பாள் என்று நினைத்தாள் கைராசிக்காரி. அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அம்மா கேட்டது வேறு.

"அப்போ ஆப்பிள்?"

"அதுவும்தான்."

"தினமும் துருவிக் குடுத்தேன் அக்கா. தினமும் துப்பினா. நீயே கேட்டுட்டு நீயே துப்பறியாடி, என்னை என்ன வேலைக்காரின்னு நினைச்சியான்னு ஒரு நாள் தொடையில சுளீர்னு வெச்சேன். விரல் பதிஞ்சு போச்சு." அவள் குரல் ஏறியது. "எட்டு வருஷத்துல நான் அவமேல கை வெச்சது அன்னிக்கு மட்டும்தான். கேக்காத ஒண்ணுக்காக அடிச்சிருக்கேன்!"

கைராசிக்காரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த அடி தன் கையால் விழுந்த அடி என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நாற்காலியில் இருந்தவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா அழகுன்னு சொன்னது?" என்று அம்மா மிக மெதுவாகக் கேட்டாள். அதைக் கேட்காமல் இருக்கக்கூடாதா என்று கைராசிக்காரிக்கு இருந்தது.

"நான்தான்மா."

"நீங்க... என்னை அழகுன்னு நினைச்சீங்களா?"

"ஆமாம்மா. அன்னிக்கு ரொம்பக் களைச்சுப் போய் வந்தீங்க. யாராவது உங்ககிட்ட ஏதாவது நல்லதா சொல்ல மாட்டாங்களான்னு இருந்தது."

அம்மா சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. "அதை உங்க வாயாலயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள். பிறகு நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கைராசிக்காரி கைப்பிடியைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுதிப் பள்ளியில் கெஞ்சி அவகாசம் வாங்கிக்கொண்டாள். பேச்சு வாத்தியார் படப்பலகையைப் பெட்டியில் போட்டு மூடினார். ஆப்பிள் ஒரு கையில், வாழைப்பழம் ஒரு கையில் என்று நிஜப் பொருள்களை விலக்கிப் பிடித்து, மகாராணியின் கண் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னார். பிறகு இடம் மாற்றிப் பிடித்து மறுபடியும். யாரும் அவளைத் தொடக்கூடாது. கைராசிக்காரி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளப் பழகினாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, மகாராணியின் கண் வாழைப்பழத்தின்மேல் போய் நின்றது. ஆப்பிளைக் காட்டினால் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. எத்தனை நாளாக அந்த முகம் திரும்பிக்கொண்டிருந்தது! பட்டம் சூட்டிச் சிரித்தார்களே தவிர, அது ஒரு பதில் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

விடுதி விஷயத்தை இப்படிக் கண்ணால் கேட்டுவிட முடியுமா என்று அம்மா வாத்தியாரைக் கேட்டாள். அவ்வளவு பெரிய கேள்விக்குக் குழந்தையிடம் இன்னும் பதில் வாங்க முடியாது என்றார் அவர். "அப்போ நான்தான் முடிவு பண்ணணும்" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து வந்து, அனுப்புவதாகச் சொன்னாள். "தப்பா இருந்தா என் தப்பு. அவ தலையில போட மாட்டேன். நானும் ஒரு வருஷமா அவ தலையிலதான் போட்டுக்கிட்டு இருந்தேன்." இதைச் சொல்லும்போது அவள் கைராசிக்காரியைப் பார்த்தாள். நெடுநாள் கழித்து நேராகப் பார்த்தாள்.

முதல் வாரம் மகாராணிக்குப் பழகிய ஒருத்தர் கூடப் போய்த் தங்கலாம் என்று விடுதிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். யார் என்பதில் அறையில் யாருக்கும் சந்தேகமில்லை. நடந்ததெல்லாம் நடந்தாலும், அந்தக் குழந்தையைத் தூக்கவும் ஊட்டவும் அவளைப்போல் யாருக்கு வரும்? கைராசிக்காரியும் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள். அந்த ஒரு வாரம் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டால் ஏதோ கொஞ்சம் கழியும் என்று நினைத்தாள். எது கழியும் என்று அவள் வெளியே சொல்லவில்லை.

"அவளையே கேட்டுடலாம்" என்றார் பேச்சு வாத்தியார். "இந்தக் கேள்வி அவளால முடியும்."

கைராசிக்காரியின் புகைப்படம் ஒன்று, தடதடாவின் புகைப்படம் ஒன்று. மகாராணியின் முன்னால், நன்றாக விலக்கி, நிறுத்தினார். அம்மா நாற்காலிக்குப் பின்னால், குழந்தையின் கண் போகும் திசை தனக்குத் தெரியாத இடத்தில் நின்றாள். கைராசிக்காரி எதிரில், கைகள்மேல் உட்கார்ந்திருந்தாள். தடதடா பக்கத்தில் நின்று எதையோ கீழே போட்டு எடுத்தாள்.

மகாராணி அரைக்கண்ணால் இரண்டு படத்தையும் பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகு கண் தடதடாவின் படத்தின்மேல் போய் நின்றது. அசையவில்லை. வாத்தியார் படங்களை இடம் மாற்றினார். கண் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்து, மறுபடி தடதடாவிடமே போய்ச் சேர்ந்தது. பிறகு கைராசிக்காரியின் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன சொன்னா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் கைராசிக்காரியே சொன்னாள். "தடதடாதான் கூட வரட்டும்கிறா. நான் வேண்டாமாம்."

அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, முன்னால் வந்து அவள் தோளில் கை வைத்தாள். "குழந்தைதானே அக்கா. இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமா?"

தொடைக்கு அடியில் கைகள் மரத்துப் போயிருந்தன. கைராசிக்காரி அவற்றை வெளியே எடுக்கவில்லை.

"வேண்டாம்மா. அவளே சொல்லிட்டா" என்றாள்.